மெதுவாக நடக்கச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். உடற்பருமன் உள்ளவர்களுக்காகக் கோவை மருத்துவமனை ஒன்றின் இயன்முறை மருத்துவப் பிரிவு நடத்திய உடற்பயிற்சித் திட்டம் நிறைவடைந்துள்ள நிலையில், அதில் பங்கேற்ற அனைவரின் சார்பாகவும் இம்மடலை எழுதுகிறேன். உரியவர்களிடம் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். ஆயினும், எடை மிகுந்தவர்களுக்கு ஊரில் அறிவுரை கிடைக்கும் அளவுக்கு உதவி கிடைப்பதில்லை என்பதால், கிடைத்த உதவி இன்னதென்று பொதுவில் எழுதி வைப்பது முறை எனக் கருதினோம்.

முதல் நன்றி எங்கள் இயன்முறை மருத்துவர் அம்மையாருக்கு உரியது. "இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கக் கூடாதா?" என்று கேட்டுக் கேட்டே அலுத்துப் போயிருந்த எங்களிடம், வேகத்தைக் குறையுங்கள் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கனத்த உடலை நகர்த்துவதற்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுவதால், ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் பிறர் பேசிக்கொண்டே நடக்கும் வேகம் எங்களில் பலருக்குக் கடும் பயிற்சியாகிவிடுகிறது என்றும், மூச்சு வாங்கி, முழங்கால் வலித்து, சில நாளிலேயே நடையை விட்டுவிடுவதற்குச் சோம்பலைக் குறை சொல்வது நியாயமில்லை என்றும் அவர் விளக்கியபோது எங்களுள் சிலர் கண்கலங்கினர்.

நடக்கும்போது இதயத்துடிப்பு எவ்வளவு இருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எல்லை வகுத்துக் கொடுத்தார். எனக்கு வயது 48. வயதை 0.7 ஆல் பெருக்கி 208-இலிருந்து கழித்தால், அதிகபட்ச இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 174 என வருகிறது. ஓய்வில் என் துடிப்பு 82; இரண்டுக்கும் இடைவெளி 92. அந்த இடைவெளியில் 40 முதல் 60 விழுக்காட்டை ஓய்வுத் துடிப்புடன் கூட்டினால் 119 முதல் 137 வரை கிடைக்கிறது. மிதமான பயிற்சிக்கு அதுவே என் எல்லை. இடைவெளியை வைத்துக் கணக்கிடும் இம்முறை பின்லாந்து ஆய்வாளர் கார்வோனன் 1957-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது என்றும் சொன்னார். கணக்கு ஒருமுறை போடுவதுதான். ஆனால் வெயில் ஏறிய நாளிலும், தூக்கம் கெட்ட மறுநாளிலும், நேற்று நடந்த அதே வேகத்துக்கே துடிப்பு உயர்ந்துவிடுகிறது. ஆகவே நடக்கும் அந்த நேரத்திலேயே துடிப்பைப் பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதே எல்லைக்குள் நின்றபடியே நடை வேகம் வாரத்துக்கு வாரம் கூடியதையும் அந்த எண்கள்தாம் காட்டின. எடைக்கருவியின் முள் அசைவதற்கு வெகு முன்பே அது தெரிந்துவிட்டது.

துடிப்பை அளக்கக் கொடுக்கப்பட்ட மார்புப் பட்டை எங்களில் சிலருக்குச் சுற்றளவு போதவில்லை. இத்தகைய கருவிகளைச் செய்வோர் யாரை மனத்தில் வைத்து அளவெடுக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு. அதற்கு மாற்றான, கைக்கடிகாரம் போன்ற கருவி பச்சை ஒளியைத் தோலில் செலுத்தி இரத்த ஓட்டத்தை அளப்பது. கை ஆட்டத்திலும் பட்டை தளர்ந்தாலும் தவறிவிடும். மார்புப் பட்டையோ இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாக வாங்குவதால் அதை விட்டுவிட மனமில்லை. மருத்துவமனைக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையற்காரர் அண்ணன், மின்முனைகள் உள்ள பகுதியைத் தொடாமல் எலாஸ்டிக் துண்டை இணைத்துத் தைத்துக் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் கூலி வாங்க மறுத்துவிட்டார். பெண்கள் பட்டை அணிந்துகொள்ளத் தனி அறை ஒதுக்கி, மின்முனைகளை நீரில் நனைக்க மறந்தவர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டிய செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி.

பட்டையுடன் வந்த செயலி ஆங்கிலத்தில் மட்டுமே பேசியது. எங்கள் குழுவிலுள்ள ஓர் அம்மாவின் மகன், பொறியியல் மாணவர், பட்டையிலிருந்து புளூடூத் வழியே வரும் துடிப்பைப் படித்து, எல்லையைத் தாண்டினால் "கொஞ்சம் மெதுவாக", கீழே இறங்கினால் "இனி வேகம் கூட்டலாம்" என்று தமிழில் சொல்லும் சிறு செயலியை உருவாக்கினார். குரல் அவருடைய பாட்டியுடையது. யாரும் அதை மீறவில்லை.

எல்லோருக்கும் இதயத்துடிப்பு வழிகாட்டியாகாது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சொன்னவர் எங்கள் பொது மருத்துவர். இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கம்போல் உயராது. எண்ணை நம்பி அவர்கள் அளவுக்கு மீறி உழைத்துவிடக்கூடும். அவர்களுக்கு மட்டும் சுவீடன் உளவியலாளர் போர்க் வகுத்த, 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்ச சிரமம்) வரையிலான அளவுகோலைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, உடல் உணரும் சிரமம் 12, 13 என்ற அளவில் நிற்கும்படி நடக்கச் சொன்னார்.

உணவியல் நிபுணர் செய்த உதவி வேறு வகையானது. கருவி காட்டும் கலோரிக் கணக்கைப் பார்த்து ஒரு வடையைக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள் என்றார் அவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 7 மணிக்கட்டுக் கருவிகளுள் 6 கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுக்குட்பட்ட பிழையுடன் அளந்தன. கலோரியிலோ மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 2016-ஆம் ஆண்டு ஆய்வையும் அவர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்: இரண்டு ஆண்டுகளின் முடிவில், கருவி அணிந்த குழுவினர் சராசரியாக 3.5 கிலோவும், அணியாமல் வழக்கமான வழிகாட்டுதல் பெற்றவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தனர். கருவி தரும் திட்டத்திலேயே இதை மறைக்காமல் சொன்ன நேர்மைக்குத் தனியே வணங்குகிறோம். எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்று சொல்லித்தர ஆட்கள் இருந்ததால்தான் எங்களுக்கு அந்தக் கருவி பயன்பட்டது.

காலையில் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்ட எங்கள் குடும்பத்தாருக்கும் நன்றி.

நீட்டித் தைத்த பட்டைகளைத் துவைத்து இயன்முறை மருத்துவப் பிரிவிடமே ஒப்படைத்துள்ளோம். அடுத்த குழுவில் சேர்பவர்கள் அளவைப் பற்றித் தயங்காமல் கேட்டுப் பெறலாம். போதாவிட்டால் தையற்காரர் அண்ணனிடம் அளவுச் சீட்டு இருக்கிறது.

நன்றியுடன்,
நடைக்குழுவினர் சார்பாக,
உறுப்பினர் ஒருவர்,
கோவை