கல்மண்டபத்து பிரவுசிங் சென்டர் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றாம் நம்பர் அண்ணனுக்கு, மூன்றாம் நம்பர் அண்ணனுக்கு, எம்.சி. ரோட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ஐந்தாம் நம்பர் தம்பிக்கு, ஒரே நாற்காலியில் பாதி பாதியாக உட்கார்ந்து ஆடிய இரட்டையருக்கு, அந்த வருஷங்களில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை சென்டர்களில் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடிய அத்தனை பேருக்கும்,

வணக்கம். ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுதுகிறேன்.

உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. அப்போதும் தெரியாது. "மூணு, லும்பிரிட்ஜ் வா", "அஞ்சு, பின்னாடி ஆள் வர்றான் பாரு" என்று சிஸ்டம் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ள என்னிடம் போனும் இல்லை. அதனால்தான் தனித்தனியாக எழுத வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான்: திரும்பி வாருங்கள். அந்த விளையாட்டு இன்னும் இருக்கிறது. இந்த முறை நமக்குப் படகும் இருக்கிறது.

படகு என்றதும் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் மாடிப்படி ஏறினால் அந்த சென்டர். ஏழு சிஸ்டம், நடுவில் பிளைவுட் தடுப்பு, கதவில் அக்கா கையெழுத்தில் ஓர் அட்டை: "எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது." மணிக்கு பதினைந்து ரூபாய். ஊரெல்லாம் பேசிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு டிஸ்க் வேண்டும், நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், மாசாமாசம் கட்ட கார்டு வேண்டும். நம் தெருவில் யார் வீட்டில் கார்டு இருந்தது? ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. ஜாவா மட்டும் இருந்தால் பிரவுசரிலேயே ஓடும், காசு கட்டாமலும் ஆடலாம். நாம் அதில் போய்ச் சேர்ந்ததற்கு அக்காவின் அந்த அட்டையும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆட்டம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் ஒரு அடி எடுத்து வைக்கும். எவ்வளவு வேகமாக க்ளிக் செய்தாலும் அந்தத் தாளத்துக்குள்தான் எல்லாம் நடக்கும். ஏழு பேர் ஒரே லைனைப் பங்கு போட்டு, நெட் நொண்டியடித்தாலும், நம் வாள் வீச்சு வெளிநாட்டுப் பையனின் வீச்சுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. மெதுவான ஆட்டம் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த மெதுவில்தான் நியாயம் தெரிந்தது.

கராம்ஜா நினைவிருக்கிறதா? ஆட்டத்தில் போர்ட் சாரிம் துறையில் 30 ஆட்டக் காசு கொடுத்துக் கப்பல் ஏறினால் அந்தத் தீவு. மீன்பிடியில் 40ஆம் நிலை தொட்டவர்களுக்கு அங்கே சிங்கி இறால். பையில் 28 இடம். கூண்டுக்கு ஒன்று, திரும்பி வரும் கூலிக்கு ஒன்று, மிச்சம் 26 சிங்கி. தீவில் பேங்க் கிடையாது, ஆகவே 26 நிரம்பியதும் மறுபடி கப்பல், மறுபடி 30. திரும்பும் காசை மறந்துவிட்டு வந்து கரையில் நின்று யாரையாவது கெஞ்சாத ஆள் நம்மில் ஒருவரும் இல்லை. அப்புறம்தான் இரட்டையர் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: வாழைத்தோட்டத்துக்காரரிடம் போய்ப் பத்து வாழைப்பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கினால் 30 காசு தருவார், கணக்காக ஒரு கப்பல் கூலி. உழைத்தால் ஊர் திரும்பலாம் என்று அந்தத் தீவைக் கட்டியவர் யோசித்து வைத்திருக்கிறார். இன்றைக்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

2007 மீன்பிடித் தடைக்காலம். அப்போது 45 நாள்தான், 61 நாள் ஆனது பிறகு. லாஞ்ச் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. அப்பா பகலெல்லாம் வலை பின்னிவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு என்னைக் கூட்டிப்போக சென்டருக்கு வருவார். பெண்பிள்ளையை அங்கே விட்டதற்குக் காரணம், அதை நடத்தியது ஓர் அக்கா என்பது மட்டும்தான். ஒருநாள் வந்தவர், போகலாம் என்று சொல்லாமல் என் பின்னாலேயே நின்றார்.

"இன்னாம்மா இது?"

"சிங்கி இறாப்பா. கூண்டு போட்டுப் பிடிக்கிறேன்."

அக்கா கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். கையில் நைலான் நூல் அறுத்த கோடுகள். என் ஆள் கரையில் நின்று கூண்டை இறக்குவான், கொஞ்ச நேரம் கழித்து ஒன்று ஏறும், மறுபடி இறக்குவான்.

"கரையில நின்னுகினே எப்டி சிங்கி எடுப்ப? அது பாறை இடுக்குல கீறது. போட்டு எங்க?"

"இதுல போட்டு நாம ஓட்ட முடியாதுப்பா. காசு குடுத்து ஏறி இறங்கலாம், அவ்ளோதான்."

"கடல வெச்சிட்டு போட்டு குடுக்கலன்னா அது இன்னா ஊரும்மா?"

மூன்றாம் நம்பர் அண்ணா, நீங்கள் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து "கரெக்டா கேட்டார் உங்கப்பா" என்றீர்கள். அப்பா அதை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் ஆட்டம் மாறியது. நிஜக் காசுக்கு ஆட்டக் காசு விற்கும் கும்பலை ஒழிக்க, டிசம்பரில் வைல்டர்னஸ் பகுதியில் ஆட்கள் ஒருவரையொருவர் தாக்கும் சண்டையை எடுத்தார்கள், 2008 ஜனவரியில் ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்து வாங்குவதையும் முடக்கினார்கள். நோக்கம் புரிகிறது. ஆனால் சிங்கியைச் சுட்டு ஐந்தாம் நம்பருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நமக்கு அதில் பாதி ருசி போனது. அப்புறம் பத்தாவது பரீட்சை, ஒன்றாம் நம்பர் அண்ணன் கப்பல் வேலைக்குப் போனது, சென்டர் ஜெராக்ஸ் கடை ஆனது. இருந்த இடம் போனதும் கூட்டமும் போனது. எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் ஐந்தாம் நம்பர் முகம் கூட்டத்தில் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன்.

நாம் விட்ட பிறகு நடந்ததைப் பலர் அறிய மாட்டீர்கள். 2012 நவம்பரில் சண்டை முறையையே அடியோடு மாற்றினார்கள். ஆட்கள் கொந்தளித்தார்கள். பழைய ஆட்டம் திரும்ப வேண்டுமா என்று 2013இல் வாக்கெடுப்பு வைத்தபோது கிட்டத்தட்ட 4.5 லட்சம் பேர் வாக்களித்தார்கள். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதை அப்படியே எழுப்பி, 2013 பிப்ரவரியில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று திறந்தார்கள். 2007 ஆகஸ்ட், நாம் ஆடிக்கொண்டிருந்த அதே மாதம்! அன்றிலிருந்து அதில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஆடுகிறவர்கள் வாக்களிக்க வேண்டும். முதலில் 75 சதவீதம் தேவைப்பட்டது, 2022இலிருந்து 70.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வந்து பார்த்து மனசு உடைய வேண்டாம். ஊர் அப்படியே இருக்கிறது. லும்பிரிட்ஜ் கோட்டை, டிரேனர் வில்லோ மரங்கள், ஃபலடோர் வெள்ளைச் சுவர், எல்லாம். ஆனால் நம்முடைய பழைய ஆட்கள் அங்கே இல்லை. அந்தப் பிரதியில் உலகம் மட்டும்தான் திரும்பியது. எல்லோரும் சண்டையில் மூன்றாம் நிலையிலிருந்து, கையில் சின்ன வலையோடு, இறால் பிடித்துத்தான் தொடங்க வேண்டும். என் பழைய கணக்கு, சண்டை முறை மாறித் தனியாக ஓடும் அந்த இன்னொரு ஆட்டத்தில் கிடக்கிறது. போன வருஷம் அதில் ஒருமுறை நுழைந்து நண்பர் பட்டியலைத் திறந்தேன். உங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஆஃப்லைன். அதைப் பார்த்த ராத்திரிதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இப்போது படகு. கடலுக்குப் போகும் திறனை, செயிலிங் என்று, சேர்க்கலாமா என்று 2015இலேயே கேட்டார்கள். தேவையான வாக்கு விழவில்லை. பல வருஷம் அது ஆட்டக்காரர்களிடையே கேலிப்பேச்சாகவே இருந்தது. 2023இல் புதுத் திறன் எது வேண்டும் என்று மறுபடி கேட்டபோது அதுவே வென்றது. 2025 நவம்பர் 19ஆம் தேதி வந்தேவிட்டது. முதலில் தெப்பம், அப்புறம் ஸ்கிஃப், அப்புறம் ஸ்லூப் என்று படகு வளரும். நடுக்கடலில் வலை இழுக்கலாம், மூழ்கிய கப்பலிலிருந்து சரக்கு எடுக்கலாம், துறைக்குத் துறை சரக்கு கொண்டுபோகலாம். ஒருவர் படகில் மற்றவரும் ஏறலாம். ஒருவர் சுக்கான், ஒருவர் பாய், ஒருவர் வலை.

அப்பாவுக்கு இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை, கடலுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். டிசம்பரில் ஒருநாள் போனைக் கொண்டுபோய் என் தெப்பத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த ஆட்டத்தில் காற்று வீசும்போது ஓர் அடையாளம் வரும், அந்த நேரம் பார்த்துப் பாயைச் சரிசெய்தால் படகு எகிறும். வாலிபத்தில் பாய் கட்டிய கட்டுமரம் ஓட்டியவர். நான் சொல்வதற்குள் என் தோளைத் தட்டினார். "இழு, இழு, காத்து போயிடும்!" நான் தவறவிட்டேன். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான்.

நேரமில்லை என்பீர்கள். எனக்கும்தான். மருந்துக் கடையில் கணக்கு முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்தால் பத்து மணி. ஆனால் 2018இலிருந்து இது போனிலும் ஓடுகிறது, அதே கணக்கு, அதே ஆள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வில்லோ வெட்டலாம். ஒரு திறனில் 99ஆம் நிலை தொட 1.3 கோடி புள்ளி வேண்டும், அதில் 92ஆம் நிலைதான் பாதி வழி. அவசரப்பட்டு ஆகிற காரியமே இல்லை. ஒரு நாள் விட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. ராத்தூக்கம் கெடுத்து ஆடாதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள்.

வீட்டில் பயப்படுவார்கள், அதுவும் நியாயம். ஆன்லைன் ரம்மியில் காசை விட்டு நொந்த குடும்பம் என் தெருவிலேயே உண்டு. அரசு சட்டம் போட்டது அதற்காகத்தான், அதை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். இது அந்த வகை இல்லை. பந்தயம் கட்டி ஆடிய டூயல் அரீனாவையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். மீன்பிடி, சமையல், மரம் வெட்டு, சுரங்கம், கராம்ஜா சிங்கி எல்லாம் இலவசப் பக்கத்திலேயே இருக்கிறது. படகுக்கு மட்டும் உறுப்பினர் சந்தா வேண்டும். கையில் காசில்லாதவர்கள் ஆட்டக் காசு சேர்த்து, சந்தாவாக மாற்றிக்கொள்ளும் பாண்ட் என்ற பொருளை வாங்கினால் 14 நாள் சந்தா கிடைக்கும். மெதுவாகச் சேர்ப்போம். வெளியில் யாரிடமும் நிஜக் காசுக்கு ஆட்டக் காசு வாங்காதீர்கள். காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றவனிடம் ஐந்தாம் நம்பர் தம்பி இரண்டு மாசச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு அழுதது எனக்கு மறக்கவில்லை. என் கணக்கையே ஒருமுறை வேறொரு சென்டரில் எவரோ பாஸ்வேர்டு எடுத்துக் காலி செய்தார்கள். இந்த முறை இரண்டடுக்குப் பாதுகாப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். என் மகளுக்கு வயது ஆறு, சமைக்கும்போது இறால் கருகினால் அவளுக்குத்தான் கோபம்.

வரும் ஏப்ரல் 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை. கடல் வீடுகளில் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். அந்த 61 நாளில் வரும் ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரி பத்தரை மணிக்கு, ஆட்டத்தின் 301ஆம் வேர்ல்டில் (சர்வரில்), போர்ட் சாரிம் துறையில் கராம்ஜா கப்பலுக்குப் பக்கத்தில் நிற்பேன். அது இலவச வேர்ல்டுதான், யாரும் வரலாம். சாட்டில் சிஸ்டம் நம்பரை மட்டும் அடியுங்கள், தெரிந்துகொள்வேன். ஆளுக்கு 60 காசு எடுத்து வாருங்கள், போக முப்பது, வர முப்பது. மறந்து வந்தால் பரவாயில்லை, வாழைத்தோட்டம் அங்கேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறாம் நம்பர்,
காசிமேடு