கடைசி ஆட்டம் எது?

சாட்ஸ்வர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா

அன்பு மகனுக்கு,

அம்மா அனுப்பிய மாங்காய் ஊறுகாய் உடையாமல் வந்து சேர்ந்ததா?

உன் ஆபீஸில் ஒருவருக்குக்கூட மானிங் ரேஞ்சர்ஸைத் தெரியவில்லை என்று போனில் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. அவர்களிடம் சொல்: அது 1928-ல் டர்பனில் நம் இந்திய ஆட்கள் தொடங்கிய கால்பந்து கிளப். நல்ல மைதானமெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்றிருந்த காலத்தில், கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆட்டம் பார்க்க உன் தாத்தா கால்நடையாகவே போவார். இனவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் நம்மை இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். பின்னாளில் கிளப்புக்கும் சாட்ஸ்வர்த் மைதானமே வீடானது.

நாட்டின் பெரிய லீக்கான பிரீமியர் சாக்கர் லீக் (பி.எஸ்.எல்.) தொடங்கிய முதல் பருவம், 1996-97. சீஃப்ஸ், பைரேட்ஸ், சண்டவுன்ஸ் என்று பெரிய கிளப்புகள் எல்லாம் இருந்த லீக். கோப்பையைத் தூக்கியது நம் மைட்டி மாலர்ஸ், அதான் நம் ரேஞ்சர்ஸ்! கோச் கோர்டன் இகசுண்டும் டர்பன்காரர்தான். அப்புறம் பைரேட்ஸ், சான்டோஸ், சண்டவுன்ஸ் மூன்றையும் அவர் சாம்பியனாக்கினார். ஆனால் முதலில் நம்மைத்தான். அந்த வருஷம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். நீ எங்கே ஆட்டம் பார்த்தாய்? ரொட்டிக்குள் ஊற்றித் தரும் பன்னி சாவ் குழம்பை என் சட்டையில் கொட்டியதுதான் மிச்சம்.

பிறகு கையில் காசில்லை, நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கியாயிற்று. இந்த நாட்டில் லீக்கில் ஒரு கிளப்புக்கு உள்ள இடத்தையே வீடு விற்பதுபோல விற்கலாம். 2006-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கி, கேப் டவுனுக்குக் கொண்டுபோனது. பேரை மாற்றினார்கள். மறுபடி கைமாறி 'இகாபா ஸ்போர்ட்டிங்' ஆனது. நீ இப்போது இருக்கும் ஊருக்கு உனக்கு முன்பே போய்த் தொலைந்தது நம் கிளப்.

சாட்ஸ்வர்த்தில் கடைசி ஆட்டம் எது என்று கேட்டாயே, மூன்று நாளாக யோசிக்கிறேன். நான் அதைப் பார்க்கவில்லையடா. சனிக்கிழமையானால் டிவியில் இங்கிலீஷ் லீக், சோபாவை விட்டு எழுந்தால்தானே! மைதானம் பத்து நிமிஷ நடை. கிளப்பை விற்றவர்களை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன், காலியாகக் கிடந்த இருக்கைகளில் ஒன்று என்னுடையது என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குழம்புக் கறைச் சட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. புரட்டாசிக்கு வருகிறாய்தானே? விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, விலை ஏறிவிடும்.

அப்பா