கறுப்பு நூல்

அன்பு மகள் இலியானாவுக்கு அம்மா எழுதுவது.

படங்கள் வந்தன. பக்கத்து வீட்டுப் பையன் தன் போனில் வாங்கி, டவுனில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். மொத்தம் ஏழு. அருங்காட்சியக வாசலில் நீங்கள் எல்லோரும் வரிசையாக நிற்பதை மாதா ஐகானுக்குக் கீழே செருகி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பாதிரியாரிடம் காட்டினேன். "லண்டனில் நம் ருமேனிய இயேச் சட்டை தைக்க இத்தனை பேரா?" என்றார். என் மகள்தான் சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. இவள் யாரிடம் கற்றாள் என்று மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது.

நான்காவது படத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நேர்நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். இரண்டும் திறந்து கிடக்கின்றன. காற்று இடுப்பில் அடித்தால் பிறகு ஆயுசுக்கும் வலிதான், எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இளைத்தும் போயிருக்கிறாய். அப்புறம் அந்த நூல். இழுக்கும்போது உன் கை காது வரைக்கும் போகிறது, அவ்வளவு நீளமா வெட்டுவது? முழத்துக்கு மேல் வெட்டாதே. நீள நூல் முடிச்சு விழும், பிரியும், துணியில் உரசி உரசி நிறமும் போகும்.

சட்டை அழகாக வந்திருக்கிறது. சுருக்கம் கழுத்தில் ஒரே அளவாக விழுந்திருக்கிறது. தோளில் அல்தீட்ஸப் பட்டை, அதன் கீழே இன்கிரெட்ஸ் பட்டை, அதற்கும் கீழே கை முழுக்க வரிவரியாக இறங்கும் ஆறுகள், எல்லாம் முறைப்படி இருக்கின்றன. ஆனால் ஏன் கண்ணு கறுப்பு நூல்? சிபியூ பக்கத்தில் இளம்பெண்களும் கறுப்பில்தான் தைப்பார்கள், அது எனக்குத் தெரியும். நாம் சிபியூ இல்லையே. நம் பக்கத்தில் உன் வயதுக்காரி சிவப்பில் தைப்பாள், ஒயின் நிறத்தில் தைப்பாள். மொத்தமும் கறுப்பு என்றால் அது என் வயதுக்காரிகளுக்கு. அல்லது வீட்டில் ஆள் போனவர்களுக்கு. கடையில் அந்த நூல்தான் கிடைத்தது என்றால் சரி. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

ஏழு படத்திலும் அந்திரேய் இல்லை. அவர்தான் படம் எடுத்திருப்பார்.

சன்சியேனே பண்டிகை அன்றைக்கு ஆற்றங்கரைக்குப் போய் மஞ்சள் பூ பறித்து வந்தேன். ஜூன் 24 இப்போது இயேவுக்கான நாளாகவும் ஆகிவிட்டது, 2013இலிருந்து ஊர் ஊராகக் கொண்டாடுகிறார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அது பூமாலை எறிகிற நாள். வீட்டில் ஆளுக்கொன்று கட்டிக் கூரையில் எறிந்தேன். உன்னுடையது விழாமல் புகைபோக்கி ஓரத்தில் அழகாக நின்றுவிட்டது, நின்றால் ஆயுசு கெட்டி, கவலைப்படாதே. அந்திரேய்க்கும் ஒன்று கட்டினேன். எறியவில்லை. திண்ணையில் இருக்கிறது.

நீங்கள் இருவரும் பாரிஸிலிருந்து அனுப்பிய அட்டை இன்னும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1940இல் வரைந்த அந்தப் பெண், நம் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். நம் நாட்டு ஓவியர் பல்லாடி அவருக்கு நண்பர், நம் சட்டைகளை அவருக்குக் கொடுத்தவரும் அவர்தான் என்று பின்பக்கம் பாதி நீயும் பாதி அந்திரேயும் எழுதியிருந்தீர்கள். பெரிய ஓவியர்தான், அந்தச் சட்டைக் கை எப்படி உப்பி இறங்கும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது என்னவோ பின்பக்கத்தைத்தான். அந்திரேய் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

1950களில் நம் அரசு அனுப்பிய துணிகள் அங்கே ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்றும், அவற்றைப் பார்க்கப் போனாய் என்றும் முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். கண்ணாடிக்கு முன்னால் நின்று பாட்டியின் சட்டை மாதிரி ஒன்று இருக்கிறதா என்று தேடினேன், இல்லை என்று எழுதினாய். அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை, இலியானா. அதற்குப் பதிலும் போடவில்லை. மழை, வைக்கோல், பசு என்று ஏதோ எழுதி அனுப்பினேன்.

பாட்டியின் சட்டையைப் பூச்சி அரித்துவிட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பூச்சி அரிக்கவில்லை. நான் விற்றேன்.

2002. விசா இல்லாமல் இத்தாலிக்குப் போகலாம் என்று ஆன வருஷம். ஊரில் பாதிப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். எனக்கு டூரினில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை சொல்லியிருந்தார்கள், பஸ்ஸுக்குப் பணமில்லை. வேனில் ஒரு ஆள் வீடு வீடாக வந்து பழைய துணி கேட்டான். பாட்டி மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரம் சீர்ப்பெட்டியைத் திறந்தேன். அவள் கல்யாணத்துக்குத் தைத்தது. சணலை ஆற்றில் கல் வைத்து அமுக்கி ஊறவைத்து, அடித்து, சீவி, அவளே நூற்று, அவளே நெய்தது. உனக்கென்று சொல்லி வைத்திருந்தது. இது வெளிநாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போகும், பத்திரமாக இருக்கும் என்று அந்த ஆள் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அதைச் சொல்லித்தான் தூங்கியிருக்கிறேன்.

பாட்டி அன்று மாலையே பெட்டியைத் திறந்தாள். மூடினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. தறியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உனக்கு நினைவிருக்கிறதா, தறிக்கும் போருக்கும் நம் மொழியில் ஒரே சொல் என்பதால், பாட்டி தறிக்குப் போகிறாள் என்றாலே சின்ன வயதில் நீ போருக்குப் போகிறாள் என்று அழுவாய். அன்று பதினொரு வயது உனக்கு. கதவோரம் நின்று அவள் பாவு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் விடியுமுன் நான் கிளம்பிவிட்டேன்.

ஊசி பிடிக்க நான் உனக்குச் சொல்லித்தராததற்கும் காரணம் உண்டு. உன் வயதில் ஒரு கூட்டுறவுக்கு ஏற்றுமதிச் சட்டை தைத்தேன். வடிவம் அங்கிருந்து வரும், நூல் அங்கிருந்து வரும், துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. ராத்திரி பூராவும் ஒரே தோள், ஒரே பூ. கண் எரியும். நம் வீட்டுத் தையலைத் தைக்க ஆசை விட்டுப்போயிற்று. என் மகள் படிக்கட்டும், இது வேண்டாம் என்று நினைத்தேன். 2022இல் யுனெஸ்கோ நம் அல்தீட்ஸச் சட்டைக் கலையை நமக்கும் மால்டோவாவுக்கும் சேர்த்து உலகப் பட்டியலில் எழுதியபோது டிவியில் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு. பாட்டியிடமிருந்து உனக்கு வர வேண்டியதை நான் நடுவில் அறுத்தேன். நீ அருங்காட்சியகத்தில் அந்நியர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பார்சலில் பாட்டி நெய்த துணியில் மிஞ்சிய சுருள் இருக்கிறது. நாலு முழம் தேறும். சிவப்பு நூலும் வைத்திருக்கிறேன், நல்ல கம்பளி நூல். வால்நட்டும் இருக்கிறது, சாப்பிடு. கோடு போட்ட தாளில் அவள் தோள் வடிவத்தை நினைவிலிருந்து வரைந்திருக்கிறேன். ஆறுகளும் சரியாகத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்கிரெட்ஸ்தான் வரவில்லை. இளமஞ்சள் என்று தெரியும், கட்டமா சாய்சதுரமா என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான் அதைக் கண்ணால் பார்த்ததோடு சரி. நீ அப்படியில்லை. பண்டிகை நாளில் பாட்டி அதைப் போட்டிருக்கும்போது அவள் கையிலேயே சாய்ந்து தூங்கிவிடுவாய், எழுந்தால் கன்னத்தில் தையல் பதிந்திருக்கும். உனக்கு அது ஞாபகம் வரலாம்.

வந்தால் போன் பண்ணு. வராவிட்டாலும் பண்ணு. ஞாயிறு பூசை முடிந்து பன்னிரண்டுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அந்தப் பூமாலை வாடிவிட்டது, இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. எறியவா வேண்டாமா என்று நீ சொன்னால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டேன்.

அம்மா