புதுக்கோட்டைக்கு மக்களவைத் தொகுதி மீண்டும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொகுதி மறுசீரமைப்பால் தமிழகம் எத்தனை மக்களவை இடங்களை இழக்கக்கூடும் என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் கட்டுரைகள் வெளிவருகின்றன. அந்தக் கவலையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கடந்த மறுசீரமைப்பிலேயே தன் தொகுதியை முழுவதுமாக இழந்துவிட்ட புதுக்கோட்டையைப் பற்றி அக்கட்டுரைகளில் ஒரு வரிகூட இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மக்கள் பிரதிநிதித்துவம் எங்கள் மண்ணுக்கு நேற்று வந்ததன்று. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்காலத்தில், 1902ஆம் ஆண்டிலேயே இங்குப் பிரதிநிதிகள் சபை ஏற்பட்டது. 1924இல் சட்டசபையும் அமைந்தது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியான பிறகும், முதல் பொதுத்தேர்தலிலேயே புதுக்கோட்டை தனி மக்களவைத் தொகுதியாக நின்றது. அன்று முதல் 2004 வரை நடந்த 14 பொதுத்தேர்தல்களில் 11 பேரை இத்தொகுதி டெல்லிக்கு அனுப்பியது.

முதலில் சென்றவர் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு. நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசிய காலத்தில், சமஸ்தான ஆட்சியிலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மக்கள் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இன்றைக்கும் பெருமையோடு நினைக்கிறேன். 1957இல் காங்கிரஸின் இராமநாதன் செட்டியார் வென்றார். அடுத்து வந்த ஆர். உமாநாத் 1962இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பிலும், கட்சி பிளவுபட்ட பின் 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பிலும் வெற்றி பெற்றார். காசர்கோட்டில் பிறந்த ஒரு தொழிற்சங்கத் தலைவரை எங்கள் விவசாயக் குடும்பங்கள் இருமுறை ஏற்றுக்கொண்டன; சாதியையும் சொந்த ஊரையும் பார்த்தே வேட்பாளர்கள் நிறுத்தப்படும் இந்நாளில் இதை இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். 1971இல் தி.மு.க.வின் வீரையா, 1977இல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980இல் காங்கிரஸின் வி.என். சுவாமிநாதன் ஆகியோரும், அதன்பின் தொடர்ந்து மூன்று முறை காங்கிரஸின் என். சுந்தரராஜும் வென்றனர். 1996இல் திருச்சி சிவா, 1998இல் ராஜா பரமசிவம், 1999இல் திருநாவுக்கரசர் என உறுப்பினரும் அவரது கட்சியும் மாறின. கடைசி உறுப்பினரான எஸ். ரகுபதி 2004இல் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்திய உள்துறை இணை அமைச்சராகவும் இருந்தார். அவரது பதவிக்காலத்திலேயே, 2008ஆம் ஆண்டு மறுசீரமைப்பு ஆணையால் தொகுதி இல்லாமற்போனது.

அதே ஆணையில் குளத்தூர் சட்டமன்றத் தொகுதி மறைந்து, கந்தர்வகோட்டையும் விராலிமலையும் உருவாயின. மாவட்டத்தில் ஐந்தாக இருந்த சட்டமன்றத் தொகுதிகள் ஆறாயின. தமிழகத்தில் 234 சட்டமன்றத் தொகுதிகளும் 39 மக்களவைத் தொகுதிகளும் உள்ளன. அதாவது ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. மாவட்ட எல்லையும் ஒரு மக்களவைத் தொகுதியும் கச்சிதமாகப் பொருந்தி வந்த நேரத்தில்தான் எங்கள் ஆறையும் நான்காகப் பிரித்தார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கும், ஆலங்குடியும் திருமயமும் சிவகங்கைக்கும், அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கும், விராலிமலை கரூருக்கும் போயின. திருமயம் அதற்கு முன்பும் சிவகங்கையில்தான் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், மாவட்டத் தலைநகரின் பெயரில் ஒரு தொகுதியும், மாவட்டத்துக்கென்று ஓர் உறுப்பினரும் அப்போது இருந்தனர்.

மக்கள்தொகை போதவில்லை என்ற வாதமும் நிற்காது. மறுசீரமைப்புக்கு அடிப்படையான 2001 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 14.59 லட்சம், மாநிலத்தின் 6.24 கோடியை 39ஆல் வகுத்தால் வருவது 16 லட்சம். குறைவு பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

சென்ற ஆடி மாதம் உறவினர் ஒருவரின் மொய் விருந்தில் மொய் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அறந்தாங்கியிலிருந்து சித்தப்பா மகனும், கந்தர்வகோட்டையிலிருந்து என் தங்கை குடும்பமும், விராலிமலைச் சம்பந்தியும் வந்திருந்தார்கள், நான் ஆலங்குடிக்காரன். ஊர்ப் பெயரும் தொகையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தபோது, ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்ட எங்கள் ஒரு குடும்பத்துக்கே நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்பது நினைவுக்கு வந்து மனம் வருந்தியது. அவர்கள் நால்வரும் உழைக்காதவர்கள் என்று நான் சொல்லவில்லை. விராலிமலையை உள்ளடக்கிய கரூர் தொகுதி மட்டுமே கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும்போது, ஓரத்தில் இருக்கும் ஒற்றைச் சட்டமன்றத் தொகுதிக்கு ஓர் உறுப்பினரால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பதே என் கேள்வி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் இராமநாதபுரம் உறுப்பினரைத் தேட வேண்டும். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தபோது மனு சிவகங்கை உறுப்பினருக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த அநீதியை மக்கள் அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2009 தேர்தலில் எங்கள் பகுதியினர் பலர், யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று பதிவு செய்ய வழிதந்த 49-ஓ விதியைப் பயன்படுத்தி எதிர்ப்பைப் பதிவு செய்தனர். அவர்களில் நானும் ஒருவன். நோட்டா பொத்தான் இல்லாத காலம் அது. விரலில் மை வைத்த பிறகு, வாக்களிக்க விருப்பமில்லை என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, 17ஏ எனப்படும் வாக்காளர் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே அவர் எழுதிய குறிப்பின் பக்கத்தில் கையெழுத்திட்டேன். வாக்குரிமை பெற்ற நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாத எனக்கு அந்தக் கையெழுத்து எளிதாக இருக்கவில்லை.

அடுத்த மறுசீரமைப்பில் வரைவு அறிக்கை வெளியாகி ஆட்சேபங்கள் கேட்கப்படும்போது, ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் ஒன்றிணைத்துப் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியை மீண்டும் அமைக்கும் கோரிக்கையை எல்லாக் கட்சிகளும் எழுத்துப்பூர்வமாக முன்வைக்க வேண்டும். மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்று வாதாடும் தலைவர்கள், அந்த இடங்களுக்குள் எங்கள் மாவட்டத்துக்கு ஒன்று உண்டா என்பதையும் இப்போதே தெளிவுபடுத்த வேண்டும். தங்கள் நாளிதழ் இது குறித்து நான்கு உறுப்பினர்களின் கருத்துகளையும் கேட்டு வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலங்குடி வாசகர்,
புதுக்கோட்டை மாவட்டம்.