பெட்டிக்குள் இருக்கும் தொலைநோக்கி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் அந்த வாடிக்கையாளர் கதையைச் சொன்னாயே, அதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். ஒரு பக்கம் திறக்க ஒன்றரை நிமிடம். சர்வர் போதவில்லை, பெரிதாக வாங்கிவிடலாம் என்று அவர்கள் முடிவே செய்திருந்தார்கள். நீ பொறுமையாக லாக்கை, அதாவது சர்வரின் பதிவேட்டைப் பார்த்தாய். மென்பொருள் ஒரு கண்டத்தில், டேட்டாபேஸ் இன்னொரு கண்டத்தில். ஒரே பக்கத்துக்காக 450 தடவை போய்க் கேட்டுவிட்டுத் திரும்புகிறது; நடைக்கு 0.2 நொடி. தகவலைச் சுமந்து போகும் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். எத்தனை பெரிய சர்வர் வைத்தாலும் அந்த வேகம் அதிகமாகாது. கேள்விகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றிரண்டு நடையில் முடிக்கச் சொன்னாய். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உடனே வானியலாளர் ரோமரின் கதை நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதில் நீ எனக்குச் சொன்னதுதான். வியாழனின் நிலவு அயோ சுமார் 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் மட்டும் அதன் கிரகணங்கள் கணக்குக்குப் பிந்துகின்றன. 1676-ல் ஓலே ரோமர் குறையை அயோவின் மேல் போடவில்லை. ஒளி நம்மிடம் வந்து சேர நேரம் பிடிக்கிறது, தாமதம் வழியில்தான் என்றார். நீ செய்ததும் அதுதானே அம்மா?

அப்புறம் நீ சொன்னது, தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்து இரண்டு வருடம் ஆகிறது என்று. "கன்சல்டன்ட் வேலையில் இதுக்கெல்லாம் நேரம் ஏதுப்பா?" அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என் குரல்.

1998, 1999-ல் நான் கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழி நிரல்களோடு கிடந்தேன். வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த காலம் அது. 00 என்றால் 1900-ஆ, 2000-ஆ என்று வரிவரியாகத் தேடித் திருத்தினோம். ஜனவரி 1 அன்று எல்லாம் ஒழுங்காக ஓடியது. அந்தப் பெருமை இன்றும் எனக்குண்டு. ஆனால் அந்த இரண்டு வருடமும் புல்லாங்குழலைத் தொடவில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன். பிறகு எடுத்தபோது விரலுக்கு ஞாபகம் இருந்தது, உதட்டுக்கு இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்கு மூடிவைத்ததுதான்.

உன் டைம்ஷீட்டில் கால் மணிக்குக் கால் மணி ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்டின் பெயர் போட வேண்டியிருக்கிறது. பெயர் போட முடியாத நேரமெல்லாம் வீண் என்று மனசு மெல்லப் பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது. உனக்கு அது வரக் கூடாது. வானம் பார்த்தால் வேலை சிறக்கும் என்பதற்காக இதை எழுதவில்லை. சனியின் வளையத்தை முதல்முறை பார்த்துவிட்டு நீ திரும்பிய முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஈரம் பட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பார். வியாழன் தெரிகிற ஒரு ராத்திரியில், அயோ நிழலுக்குள் போகும் நேரத்தைக் குறித்து எனக்கு அனுப்பு. உன் பழைய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீ கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா