மருத்துவ ஆய்வுக்குச் சர்வர் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக்கான கணினி வசதி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை ஜி.பி.யு. (கணிப்பை விரைவாக்கும் சில்லு), எத்தனை டெராஃப்ளாப்ஸ் (கணினி வேகத்தின் அளவு), எத்தனை கோடி ரூபாய் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நம்மிடம் பற்றாக்குறையாக இருப்பது எந்திரமன்று, தரவை ஒழுங்குபடுத்திக் காக்கும் நிரந்தரப் பணியாளர்களே என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எந்திரங்கள் ஓரளவுக்கு இருக்கவே செய்கின்றன. தேசிய மீக்கணினித் (சூப்பர் கம்ப்யூட்டர்) திட்டத்தின்கீழ் 838 டெராஃப்ளாப்ஸ் திறன்கொண்ட ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி 2022-இல் திருச்சி என்.ஐ.டி.யில் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் சேகரித்த 10,000 பேரின் மரபணுத்தொகுதித் தரவு, 2025 ஜனவரி முதல் அந்த மையத்தின் வழியாகவே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. ஒருவரது முழு மரபணுத்தொகுதியை, வழக்கம்போல் ஒவ்வோரிடத்தையும் பலமுறை வாசித்தால் மூலக்கோப்பு மட்டுமே ஏறத்தாழ 100 ஜி.பி. வரும் என்பதால், இந்தச் சுமையை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தனித்தனியே தாங்க முற்படுவது வீண்செலவாகவே முடியும்.

ஆனால் மரபணு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ ஆய்வு செய்ய முடியாது. அந்த நோயாளிக்கு எப்போது சர்க்கரை வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், பின்னர் என்ன ஆயிற்று என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. அவையோ மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கட்டுக்கட்டாக இருக்கும் கேஸ் ஷீட்டுகளில் கிடக்கின்றன. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் கட்டாயமாக ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும் என்பதால், ஆண்டுதோறும் இந்தக் கட்டுகளிலிருந்து புதிய எக்செல் கோப்புகள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து பாருங்கள். சர்க்கரை நோயைக் குறிக்கும் ஒரே நெடுவரிசையில் ஓரிடத்தில் ‘டி.எம்.’, அடுத்த வரியில் ‘டைப் 2’, அதற்கடுத்து ‘கே/சி/ஓ டி.எம்.’, இன்னொன்றில் வெறும் ‘ஆம்’ என்றிருக்கும். சர்க்கரை அளவு எழுதியிருக்கும், சாப்பிடும் முன் எடுத்ததா பின் எடுத்ததா என்ற குறிப்பு இருக்காது. மாணவர் தேர்ச்சி பெற்றுச் சென்றதும் அந்தக் கோப்பும் அவருடைய பென் டிரைவோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் அதே கட்டை அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதற்கு மாறாக, நீண்டகாலம் பொறுமையாகச் செய்த வேலைக்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று விவரங்களைச் சேகரித்து, இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிட்டு, ஒருவரே இருமுறை எண்ணப்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியாகச் சொன்னது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். குடும்பப்பெயர் உண்டு என்ற அனுமானத்தில் வெளிநாட்டில் எழுதிய மென்பொருள், ஒரு மருத்துவமனையில் ‘ச. முருகேசன்’ என்றும், மற்றொன்றில் ‘முருகேசன் எஸ்.’ என்றும், ஸ்கேன் மையத்தில் ‘முருகேஷ் சண்முகம்’ என்றும் பதிவான ஒருவரை மூன்று பேராகவே எண்ணும். தலைப்பெழுத்தின் வழக்கம் அறிந்த, தெருப்பெயரையும் தந்தை பெயரையும் வைத்து ஐயம் தீர்க்கத் தெரிந்த ஒரு பணியாளர் அங்கே இருந்தாக வேண்டும். இந்தப் பதிவுகளை இணைக்கும் கணினி நிரலை எழுதுபவரும் அவரிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவரை நாம் எவ்வாறு நியமிக்கிறோம்? மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்தில், தொகுப்பூதியத்தில். திட்டம் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்; சர்வர் குளிர்சாதன அறையில் இருக்கும், அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. கருவி வாங்க நிதி தரும் அமைப்புகள் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் மின்கட்டணத்துக்கும் தயங்குவது பழைய கதை என்பதால் அதை விரித்து எழுதவில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒன்று. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் மீது நடந்த சைபர் தாக்குதலால் அங்கே ஏறக்குறைய இரண்டு வாரங்கள் சீட்டெழுதியே பணிகளை நடத்த வேண்டியதாயிற்று. அதற்காகத் தரவைப் பூட்டியே வைத்திருப்பது தீர்வாகாது. பெயரை நீக்கிவிட்டு நகல்களைப் பலருக்கும் அனுப்புவதும் சரியன்று, ஏனெனில் வயது, ஊர், அரிய நோய் ஆகிய மூன்றும் தெரிந்தால் சிறிய ஊரில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். 2020-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஓப்பன்சேஃப்லி’ என்ற முறையில் நோயாளிகளின் பதிவுகள் இருந்த இடத்தைவிட்டு நகர்வதேயில்லை. ஆய்வாளர் கற்பனையான மாதிரித் தரவில் நிரலை எழுதிச் சரிபார்த்து அனுப்புகிறார். அந்த நிரல் பதிவுகள் இருக்கும் இடத்திலேயே இயங்குகிறது. தொகுத்த முடிவுகள் மட்டும் சரிபார்ப்புக்குப் பின் வெளியே வருகின்றன. யார் எந்த நிரலை இயக்கினார்கள் என்பதும் பொதுவில் பதிவாகிறது. முதல் சில மாதங்களிலேயே 1.7 கோடிப் பேரின் பதிவுகளைக் கொண்டு கோவிட் இறப்புக்கான காரணிகளை அங்குள்ள ஆய்வாளர்களால் ஆராய முடிந்தது.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இத்தகைய ஒரு பொதுத் தளம் அமைந்தால், சென்னை மாணவரும் இராமநாதபுரம் மாணவரும் ஒரே வசதியைப் பெறுவர். முதல் வேலையாக முதுநிலை ஆய்வேடுகளின் தரவை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பொதுவான படிவத்தில் ஒப்படைக்கச் செய்யலாம். இதற்குப் புதிய கட்டடமோ மீக்கணினியோ தேவையில்லை. கல்லூரிக்கு ஒரு தரவு மேலாளர், பல்கலைக்கழகத்தில் சர்வர்களையும் காப்பு நகல்களையும் கவனிக்கும் ஒரு சிறு குழு, அனைவருக்கும் காலமுறை ஊதியம் என்ற அளவிலாவது பணியிடங்களை உருவாக்கிய பிறகே கருவிகளுக்கான டெண்டரைக் கோருமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருச்சி.