செகண்ட் ஹேண்ட் ரயில்கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு கிளைப்பாதைகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஒன்றிரண்டு வண்டிக்காக எந்தத் தொழிற்சாலையும் புதிதாக வேலை தொடங்காது. தொடங்கினாலும் அந்த விலை உங்கள் டிக்கெட் வசூலுக்குக் கட்டாது. அதனால் பெரிய ரயில்வே ஒதுக்கிவிட்ட டீசல் ரயில்காரை, அதாவது தனி இன்ஜின் இல்லாமல் தானே ஓடும் பெட்டியை, தேடுகிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கேட்பதெல்லாம், வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள் என்பதுதான்.

ஜப்பானைப் பாருங்கள். 2008இல் மிகி ரயில்வே மூடப்பட்டது. அதன் வண்டி ஒன்று ஹோஜோ ரயில்வேக்குப் போனது. ஹோஜோவில் கழிக்கப்பட்ட சின்ன ரயில்பஸ் அங்கிருந்து கிஷு ரயில்வேக்குப் போனது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற கதைதான்! கிஷுவின் பாதை மொத்தமே 2.7 கிலோமீட்டர். இதே ரகத்தில் 2000இலேயே அங்கு வந்துவிட்ட இன்னொரு ரயில்பஸ் 2017 வரை ஓடியது. பெட்டிக்கு அடியில் தனியே திரும்பும் சக்கரத் தொகுதி (போகி) கிடையாது, இரண்டே அச்சு. பஸ் பாகங்களை வைத்துக் கட்டிய வண்டி வேறு. இரண்டே அச்சு என்பதால், தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றும் உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பில் தெரியும். அதற்குப் பதிலாக வந்தவையும் ஷிகராக்கி மலைப்பாதையில் ஓடிக் கழிந்த வண்டிகளே.

ஹோஜோவின் இன்னொரு கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்க வேண்டும். 13.6 கிலோமீட்டர் பாதை, மூன்று வண்டிகள். 2020இல் நடுவழி நிலையத்தில் இரண்டு ரயில்கள் மாறிச் செல்ல வழி செய்து சேவையைக் கூட்டினார்கள். இரண்டு வண்டி பாதையில், ஒன்று பணிமனையில் என்றானதும், கைவசம் மாற்று வண்டி இல்லை. அப்புறம்தான் பொதுமக்களிடம் நிதி திரட்டி, கடலோர கோனோ பாதையில் ஓடிய ‘கிஹா 40’ ரக டீசல் ரயில்கார் ஒன்றை வாங்கி 2022 மார்ச்சில் ஓட்டினார்கள். 1970களின் கடைசியில் கட்டிய வண்டி அது.

சரி, இனி தலைவலி. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு–பிளெட்ச்லி பாதையில் 2019இல் வந்த 230 ரக வண்டிகள், லண்டன் சுரங்க ரயிலின் பழைய பெட்டிகளுக்கு அடியில் டீசல் இன்ஜின் பூட்டியவை. யோசனை எனக்குப் பிடித்துதான் இருந்தது. இன்ஜின் கெட்டால் அந்தத் தொகுதியையே கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஆனால் 2022 டிசம்பரில் அவற்றை உருவாக்கிய விவாரெயில் நிறுவனம் நொடித்துப்போனது. பராமரிப்பு அவர்கள் கையில் இருந்ததால் ரயிலும் நின்றது. 2023 நவம்பர் வரை பயணிகளுக்குப் பஸ்தான். மீண்டும் ரயில் விட்டபோது வந்தவை 1980களின் 150 ரக வண்டிகள், இன்னும் ஊரறிந்த பழசு. பலர் வைத்திருக்கும் வண்டியென்றால் பல பணிமனைகளுக்கு அதன் கோளாறு அத்துப்படி. அபூர்வமான வண்டி போட்டோவுக்கு அழகு, அவ்வளவுதான்.

ஆகவே ஓட்ட இரண்டு வாங்கினால், பாகம் கழற்றிக்கொள்ள ஓடாத ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய இரும்பு விலைக்கே கிடைக்கலாம். பராமரிப்புப் பதிவேடு முழுவதும் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வண்டியை வருடக்கணக்கில் பிரித்து மாட்டிய மெக்கானிக் சில வாரமாவது உங்கள் பணிமனையில் வந்து நிற்க வேண்டும். எந்த போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கும். எந்த போல்ட் அடிக்கடி தளரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பார்க்கப் போகிறவர்கள் புதுப் பெயின்டில் மயங்க வேண்டாம். டார்ச்சோடு அடியில் குனிந்து, கதவுப் படிக்கட்டின் கீழேயும் கழிவறைக்கு அடியிலும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் இரும்பு, ‘தொப்’ என்றால் துரு. சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் எத்தனை முறை கடைசல் இயந்திரத்தில் கடைந்து சீராக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். கடைசியாக, முதல் நாள் இரவே இன்ஜினை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் உங்கள் ஆள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள்; குளிர்ந்த இன்ஜின் கிளம்புகிறதா என்பதுதான் சோதனை. நீங்கள் போவதற்கு முன்பே வண்டி சூடாக உறுமிக்கொண்டிருந்தால், அன்று கையெழுத்துப் போடாமல் மறுநாளும் போங்கள்.

இப்படிக்கு,
கிளைப்பாதை ரயிலில் ஜன்னலோரம் தேடும் ஒரு பயணி